கரண்ட் போனால் சுத்தம்

விபத்து நடந்த அன்று தேவராஜ் குடிபோதையில் இருந்தார் என்று அந்தத் தாளில் டைப் அடித்திருந்தது. கீதா அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது அவளுக்குக் காது மடலெல்லாம் சூடேறிவிட்டது.

குடிபோதையாம். யார், தேவராஜா? உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் இருக்கும் இந்த மரப்பட்டறையில் ஏழு வருஷமாக வேலை செய்கிறவன் அவன். கல்யாணமோ கருமாதியோ, மற்ற ஆண்பிள்ளைகள் நைசாக ஒரு பக்கம் ஒதுங்கும்போது, இவன் மட்டும் பெட்டிக்கடை வாசலில் நின்று பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருப்பான். அந்த வாடை பட்டாலே அவனுக்குக் குமட்டும். பட்டறையில் வார்னிஷ் அடிக்கிற நாளில்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவான். அவனைக் கேலி செய்து செய்து கடைசியில் 'சோடா' என்றே பெயர் வைத்தது வேறு யாருமில்லை, இதே முதலாளி சடையப்பன்தான். அந்த வாய்தான் இப்போது குடிகாரன் என்கிறது.

"இன்னாம்மா, எவ்ளோ நேரம் படிப்ப? பரீட்சையா எயுதப் போற? கீய கையெயுத்தப் போட்டுட்டு வேலையப் பாரு," என்றார் சடையப்பன். அவர் மரப்பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டைப் பல்லிடுக்கிலிருந்து குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். "கோபால் போட்டுட்டான். நீதான் பாக்கி. நாளைக்கு லேபர் ஆபீஸ்ல இருந்து மேடம் வராங்க. அதுக்குள்ள பேப்பர் ரெடியா இருக்கணும்."

கோபாலின் கையெழுத்து அடியில் இருந்தது. பட்டறையில் மூத்த தச்சர் அவர். முப்பது வருஷமாக நிலை, கதவு, ஜன்னல் என்று ஒரு நூல் பிசகாமல் செய்கிற மனுஷன், கையெழுத்தை மட்டும் கோணலாகப் போட்டிருந்தார். கீதா அவரைப் பார்த்தாள். அவர் உளியைத் தீட்டுவதில் மும்முரமாக இருந்தார். ஏற்கெனவே தீட்டின உளி அது.

"நாளைக்கு போடறேன் மொதலாளி. வூட்ல ஒரு தபா படிச்சிட்டு கொண்டாறேன்."

"வூட்ல யாரு கீறாங்க, வக்கீலா?"

"பொண்ணு கீது."

"பாலிடெக்னிக்ல சேத்ததுல இருந்து உனக்கு ரொம்ப ஏறிப்போச்சி கீதா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மிரட்டுவதைச் சிரித்துக்கொண்டே செய்வது அவர் வழக்கம். "பாத்து. நாளைக்கு காலைல கையெயுத்து இல்லன்னா, நாளன்னிக்கு காலைல வேலையும் இல்ல."

இப்படி ஒரு தாள் எதற்கு முளைத்தது என்று தெரியவேண்டுமானால் அந்த மிஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன மிஷின்தான் அது. கையில் பிடித்து மரத்தின்மேல் தள்ளினால் உள்ளே சுழலுகிற இரண்டு பிளேடுகள் மரத்தை வழவழவென்று இழைத்துத் தரும். பிளேனர் என்பார்கள். சடையப்பன் அதைக் கவிழ்த்து, பிளேடு வானத்தைப் பார்க்கிற மாதிரி, ஓர் இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டார். மரத்தை அதன்மேல் தள்ளினால் போதும், வேலை மும்மடங்கு வேகம். அப்படி வைப்பதில் தப்பில்லை. அதற்கென்றே ஒரு மூடியும் வருகிறது. மரம் மேலே இல்லாத நேரத்தில் அது தானாக வந்து பிளேடை மூடிக்கொள்ளும். அந்த மூடியை அவர் வாங்கின வாரமே கழற்றி ஆணி டப்பாவில் போட்டுவிட்டார். அது மரத்தில் இடிக்கிறதாம், வேலை கெடுகிறதாம்.

அடுத்தது சுவிட்ச். கைப்பிடியில் விரலால் அமுக்கிப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். செய்தவன் முட்டாள் இல்லை. மனுஷன் கை எடுத்தால் மிஷினும் நிற்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறான். ஆனால் கவிழ்த்து வைத்த மிஷினில் சுவிட்சை யார் அமுக்கிக்கொண்டு நிற்பது? சடையப்பன் சைக்கிள் ட்யூபைக் கிழித்து, சுவிட்சை அமுக்கினபடியே சுற்றிக் கட்டிவிட்டார். ஓட்ட வேண்டுமென்றால் சுவரில் பிளக்கைச் சொருகு, நிறுத்த வேண்டுமென்றால் பிடுங்கு. சுவர் சுவிட்ச் ஆடி மாதமே புகைந்துபோய் வெறும் ஓட்டையாக இருந்தது.

அந்த ட்யூபையாவது நாலு பேர் கேட்டு என்றைக்காவது அவிழ்க்க வைத்திருக்கலாம். ஆயுத பூஜை வந்து அதையும் கெடுத்தது. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த மஞ்சள் கயிற்றைக் கட்டினார் சடையப்பன். பிளேனருக்கு வந்தபோது கிழிந்த ட்யூப் கண்ணில் பட்டது. அதை அறுத்தெறிந்துவிட்டு, அதே இடத்தில், சுவிட்சை அமுக்கினபடி, சாமி கயிற்றை ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இனிமே இத்த சாமியே புடிச்சிக்கும். தானா அறுந்து வியற வரைக்கும் எவனும் கை வெக்கக் கூடாது," என்றார். காப்புக் கட்டின கயிற்றை அறுக்க யாருக்குக் கை வரும்? கீதாவுக்கும் வரவில்லை. அதன்மேல் சந்தனம் காய்ந்து, மரத்தூள் படிந்து, வார்னிஷ் தெறித்து, கயிறு கெட்டிப்பட்டுப் போயிற்று.

கீதாவுக்கு வரவில்லை என்பதுதான் அவளை இப்போது உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. பட்டறையில் உப்புத்தாள் தேய்ப்பதும் வார்னிஷ் அடிப்பதும் மட்டும் அவள் வேலை இல்லை. மிஷின்களைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்க வந்தவள், மழுங்கின பிளேடு மரத்தைக் கடித்துக் குதறுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். பிளேடை மாற்றுவாள். இரண்டு பிளேடும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஒரு நேர்க்கட்டையை வைத்துப் பார்ப்பாள். பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பாள். மோட்டாருக்குள் கார்பன் கட்டை தேய்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

மிஷினோடு வந்த புத்தகத்தை சடையப்பன் பிரிக்கவே இல்லை. சரஸ்வதி பூஜைக்கு மற்ற புத்தகங்களோடு அதையும் சாமி படத்துக்குக் கீழே வைத்துப் பொட்டு வைத்தார். கும்பிடத்தான் புத்தகம், படிக்க இல்லை. பூஜை முடிந்ததும் கீதா அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள் திவ்யா இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். பிளேடுகிட்டே கை போவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை எதை வைத்தும் கட்டக் கூடாது. வேலைக்கு நடுவில் கரண்ட் போனால் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். எல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தது. கீதா மறுநாள் வந்து சடையப்பனிடம் சொன்னாள். "புக்கு போட்டவன் உத்திரமேரூருக்கு வந்து கதவு செய்யட்டும், பாக்கலாம்," என்றார். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

ஏனென்றால் பட்டறைக்கென்று ஒரு சட்டம் ஏற்கெனவே இருந்தது. சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தார் சடையப்பன்: கரண்ட் போனால் சுத்தம். கரண்ட் இருக்கிற நேரத்தை இவர்கள் துடைப்பதிலும் துப்புரவிலும் வீணாக்கக் கூடாதாம். கரண்ட் இருந்தால் மரத்தைத் தள்ளு, போனால் மிஷினைத் துடை. மழைக்காலத்தில் கரண்ட் நாளைக்குப் பத்துத் தடவை போய் வருகிற ஊர் இது. ஆக, அந்த மிஷினுக்குள் மனுஷக் கை நுழைகிற நேரம் எது? பிளக் சுவரில் இருக்க, சுவிட்ச் அமுங்கியே இருக்க, கரண்ட் எந்த நொடியும் திரும்பி வரக்கூடிய நேரம். நன்றாக யோசித்துப் பார்த்தால் அதில் எவனும் கை வைக்க மாட்டான். யாரும் யோசிக்கவில்லை. கரண்ட் போனால் மிஷின் செத்தது என்று அந்தப் பட்டறையில் எல்லோரும் நம்பினார்கள்.

போன வியாழக்கிழமை காலையில் ஒரே மழை. பத்தரைக்குக் கரண்ட் போனது. சீவல் வெளியே வருகிற வாய் ஈரமரச் சுருளால் அடைத்துக் கிடந்தது. அதை எடுக்க வேண்டியது கீதா. அவள் குனியப்போன நேரத்தில் போன் அடித்தது. பஸ் வரவில்லை என்று திவ்யா கூப்பிட்டாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"நீ போய்ப் பேசுக்கா, இத்த நான் எடுத்துடறேன்," என்றான் தேவராஜ்.

அவள் வாசல் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போய்விட்டன. தேவராஜ் கத்தக்கூட இல்லை. சுவரில் இருந்த பிளக்கை இடது கையால் பிடுங்கிவிட்டு, அப்படியே மரத்தூளில் உட்கார்ந்தான். கீதா தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் அவன், "பயப்படாதக்கா," என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்த தேவராஜ்தான் குடிபோதையில் இருந்தானாம்.

சாயந்திரம் கீதா தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு காவாந்தண்டலம் பக்கம் நடந்தாள். ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்பில் தேவராஜின் வீடு. பெரிய கட்டோடு வலது கையை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். மனைவி ரேவதி பாய் எடுத்துப் போட்டாள்.

கீதா தாளைப் படித்துக் காட்டினாள். காட்டாமல் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"வெரலு போனத வுட்டுடலாங்கா," என்றாள் ரேவதி. அவள் குரல் ஏறவில்லை. "மீதிய வெச்சிக்கினு பொயச்சிக்குவாரு. குடிகாரன்னு எயுதி கவர்மெண்ட்ல வெச்சிட்டா, அப்பால எந்தப் பட்டறைல இவர மிஷின் பக்கம் வுடுவாங்க? வர வேண்டிய உதவியும் வராது. நாளைக்கு எம் புள்ள இஸ்கூல்ல, உங்கப்பன் குடிச்சிட்டு வெரல வுட்டவன்னுவாங்க."

"ஊருல நம்பிட்டாங்களா?" என்று கேட்டாள் கீதா.

ரேவதி சிரித்தாள். "கேக்கணுமா? எங்க ஆளுங்கன்னாலே நம்பிடுவாங்க. கடைக்கு சாமான் வாங்கப் போனா, இன்னாம்மா, இனிமேலாச்சும் கொறைச்சிக்கச் சொல்லுன்னு புத்தி சொல்றாங்க. இவரு வாழ்க்கைல தொட்டதில்ல, எத்த கொறைக்கிறது?"

கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சடையப்பன் ஏன் இந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபாலின் விரல் போயிருந்தால் வேறு பொய்யைத் தேட வேண்டியிருக்கும். மயக்கம் வந்தது, கால் வழுக்கியது என்று ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். ஏரிக்கரை ஆள் என்றால் மெனக்கெட வேண்டாம். ஊரே பாதிப் பொய்யைத் தயாராக வைத்திருக்கிறது, இவர் மீதியை டைப் அடித்தால் போதும்.

"நீ போட்டுடுக்கா," என்றான் தேவராஜ் திடீரென்று. "உனக்கும் வேலை வோணும். திவ்யா பாப்பா படிக்குது. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த இடத்தில் போயிருக்க வேண்டியவை அவளுடைய விரல்கள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், கையெழுத்தும் போட்டுக்கொள் என்கிறான். கீதா, ரேவதி போட வந்த காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஏரிக்கரையில் நடக்கும்போது சடையப்பனையும் திட்டினாள், தன்னையும் திட்டினாள். கயிற்றைத் தினமும் பார்த்தவள் அவள். புத்தகத்தில் இருந்ததைத் தெரிந்தவள் அவள். சாமி குத்தம் என்று வாயை மூடிக்கொண்டு, கயிற்றைச் சுற்றிச் சுற்றித் துடைத்தவளும் அவள்தான்.

மறுநாள் அதிகாரி ஸ்கூட்டியில் வந்தார். பிரபா என்று பெயர். முப்பது வயதிருக்கும். மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, இளநீரை மறுத்துவிட்டு, நோட்டைத் திறந்தார். சடையப்பன் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். பட்டறை பளிச்சென்று இருந்தது. பிளேனர் ஸ்டாண்டுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. சுவிட்ச், கயிறு எல்லாம் மாலைக்கு உள்ளே.

கீதா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காலையில் சடையப்பன் கேட்டபோது, "அந்தம்மா எதிர்லயே போடறேன்," என்று சொல்லியிருந்தாள். அதை அவர் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்.

"மிஷின்ல ஒரு பயுதும் இல்ல மேடம். நீங்களே பாருங்க," என்று சடையப்பன் பிளக்கை எடுத்துச் சொருகினார். மிஷின் அலறியது. ஒரு வேப்பம்பலகையை அதன்மேல் தள்ளிக் காட்டினார். சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. பிரபா ஓரடி பின்னால் நகர்ந்து எழுதிக்கொண்டார்.

பாதிப் பலகையில் கரண்ட் போயிற்று. மிஷின் முனகி முனகி அடங்கியது. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. சாலையில் போகிற லாரிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இதான் மேடம் இங்க பேஜாரு. எந்நேரமும் இதே கதை," என்றார் சடையப்பன்.

"அவர் விரல் போனது சுத்தம் பண்ணும்போதுன்னு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல இருக்கு. எப்படி சுத்தம் பண்ணுவாங்க?" என்று கேட்டார் பிரபா.

"இன்னா பெரிய வித்தை? தோ, இப்பிடித்தான்." சடையப்பன் மாலையை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். சீவல் வருகிற வாய்க்குள் நான்கு விரலையும் விட்டார். சுருளை இழுத்துப் போட்டார், மறுபடி விட்டார். "இருவது வருஷமா மரத்தோட பொயங்கறேன் மேடம். புத்தி தெளிவா கீறவனுக்கு இதுல ஒண்ணும் ஆவாது. அவன் ஓடற மிஷின்ல கைய வுட்டான். ஏன் வுட்டான்? போதை. எங்களுக்கு மட்டும் வருத்தமா இல்லையா? ஆனா அந்த ஆளுங்க அப்பிடித்தான், சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம்."

பேசிக்கொண்டே இருந்தார். கை உள்ளேயே இருந்தது.

கீதா பிளக்கைப் பார்த்தாள். அது சுவரில் சொருகியபடி இருந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் நாலடி தூரம். விட்டுவிடலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது உண்மை, பொய் சொல்லக் கூடாது. அந்தம்மா எதிரிலேயே கரண்ட் வரட்டும், யார் குடித்திருந்தார்கள் என்று அப்போது தெரியட்டும். அந்த நினைப்பு முழுசாக முடிவதற்குள் அவள் கால் சுவரிடம் போய்விட்டது, கை பிளக்கைப் பிடுங்கிவிட்டது. மரத்தூளில் உட்கார்ந்திருந்த தேவராஜின் முகத்தை இன்னொரு முகத்தில் பார்க்க அவளால் முடியாது. அது சடையப்பன் முகமாக இருந்தாலும் சரி.

இருபது எண்ணுவதற்குள் கரண்ட் வந்தது. ட்யூப்லைட் துடித்து எரிந்தது. மின்விசிறி சுற்றியது. சடையப்பனின் கை மிஷினுக்குள் இருக்க, மிஷின் சும்மா இருந்தது. அவர் திடுக்கிட்டு மேலே விளக்கைப் பார்த்தார், கீழே மிஷினைப் பார்த்தார். கணநேரம் அவர் முகம் வெளுத்தது. பிறகு அதே முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"பாத்துக்குங்க மேடம்," என்றார். கையை வேண்டுமென்றே இன்னும் உள்ளே தள்ளினார். "கரண்ட் வந்துடுச்சி. என் கை உள்ளதான் கீது. மிஷின் ஓடிச்சா? சுத்தம் பண்ணிக்கினு இருந்தேன், கரண்ட் வந்துது, தானா ஓடிச்சின்னு ஆஸ்பத்திரில சொல்லிக் கீறான். தானா எங்க ஓடிச்சி? இதுக்கு மேல இன்னா ருசுவு வோணும்? சாமி சாட்சியா காமிச்சிக் குடுத்துடுச்சி."

பிரபா மிஷினைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

கீதா அந்த நோட்டைப் பார்த்தாள். எவ்வளவு பெரிய அநியாயம் இது. அவள் காப்பாற்றிக் கொடுத்த விரல்களை ஆட்டி ஆட்டியே இந்த மனுஷன் தேவராஜைக் குடிகாரனாக்குகிறான். இவர் கையில் இருப்பது பத்து விரல், அது அவள் போட்ட பிச்சை. அதற்குக் கூலி, தேவராஜ் பெயரில் ஒரு பொய். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் மனுஷியே இல்லை.

"மொதலாளி," என்றாள். "கைய எடுக்காதீங்க. அப்பிடியே வெச்சிருங்க."

சடையப்பன் திரும்பினார். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். பிளக் அவள் கையில் இருந்தது.

"நீங்க பேசிக்கினு இருக்கசொல்ல நான்தான் புடுங்கினேன். இப்ப திரும்ப சொருகறேன். உங்க கை அங்கயே இருக்கட்டும். ஓடலன்னா அந்தப் பேப்பர்ல ஒண்ணுக்கு பத்தா கையெயுத்துப் போடறேன்."

அவள் பிளக்கைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனாள். ஒரு சாண் தூரம்கூட நகர்ந்திருக்காது. சடையப்பன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இழுத்த வேகத்தில் முழங்கை ஸ்டாண்டில் இடித்தது. விரல்களை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பலகை அடுக்கு வரைக்கும் பின்னால் போய்விட்டார்.

கோபால் உளியைக் கீழே வைத்தார்.

"ஏன் சார் கைய எடுத்தீங்க?" என்று கேட்டார் பிரபா.

சடையப்பன் கீதாவைக் காட்டினார். "இந்தப் பொம்பளைக்கு பைத்தியம் புடிச்சிக்கீது மேடம்," என்றார். சொன்னாரே தவிர, மிஷின் பக்கம் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்றார் பிரபா. "சொருகுங்கம்மா."

கீதா சொருகினாள். பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல், ஒரு விரலும் படாமல் மிஷின் அலறியது. மாலையின் சாமந்திப்பூக்கள் பிளேடில் சிக்கி மஞ்சள் மஞ்சளாகச் சிதறின. அவள் பிளக்கைப் பிடுங்கி, அது அடங்கி ஒடுங்கி நிற்கும் வரை காத்திருந்தாள். பிறகு போய், மிச்சமிருந்த மாலையைத் தூக்கி, சுவிட்சையும் அதை அமுக்கிக்கொண்டிருந்த கயிற்றையும் காட்டினாள். பிரபா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுவரில் எழுதியிருந்ததையும் படித்தார். போனை எடுத்து இரண்டையும் படம் பிடித்தார்.

"அது சாமி கயிறு மேடம்," என்றார் சடையப்பன் பலகை அடுக்கின் பக்கத்திலிருந்து.

"நீங்க பேசாம இருங்க சார்," என்றார் பிரபா.

கோபால் மெதுவாக வந்து மேசைமேல் இருந்த தாளைத் தொட்டார். "மேடம், இதுல கீற கையெயுத்து என்னுது. அத்த அடிச்சிடுங்க. நான் அன்னிக்கு இங்கதான் இருந்தேன். அவன் குடிக்கல," என்றார். அதைச் சொல்லும்போது கீதாவைப் பார்க்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொன்னதற்கெல்லாம் அவள் நன்றி சொல்ல மாட்டாள்.

"கீதா, யோசிச்சிப் பேசு. நாளைக்கி இந்த வாசப்படி மிதிக்க மாட்ட," என்றார் சடையப்பன். சிரிப்பு இல்லாமல் அவர் மிரட்டி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிரபா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். ஸ்டூலைத் தன் எதிரில் இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. என்ன நடந்துச்சோ முதல்ல இருந்து சொல்லுங்க."

கீதா உட்கார்ந்தாள். சடையப்பனைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒரு வண்டிப் பேச்சு இருந்தது. அதெல்லாம் அப்புறம்.

"தேவராஜ் குடிக்க மாட்டான். அத்த மொதல்ல எயுதுங்க மேடம்," என்றாள். பிரபா எழுதி முடிக்கும் வரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எயுதிட்டீங்களா? அப்பால இத்த எயுதுங்க. அன்னிக்கு அதுல கைய வுட வேண்டியது நான்தான். கயிறு அங்க கீதுன்னு எனக்குத் தெரியும்."